அத்தியாயம் 6: தெரிந்த அணியை ஆங்கிலக் கவிதையில் அடையாளம் காண்பது

மகாராஷ்டிர மாநில வாரியத்தின் ஆங்கிலத் தாளில் கவிதைப் பகுதி வந்தால் ஃபிகர் ஆஃப் ஸ்பீச் கேட்காமல் விடமாட்டார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டுக்கும் இது பொருந்தும். சில சமயம் ஓர் அடியைக் கொடுத்து அணியின் பெயரைக் கேட்பார்கள். சில சமயம் கவிதை நயம் எழுதச் சொல்லி, அதில் ஓர் உட்பிரிவாக வைப்பார்கள். தாராவி தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் நடக்கும் டியூஷன்களிலும், மாட்டுங்கா, செம்பூர் கோச்சிங் வகுப்புகளிலும் இதற்கென்று ஒரு ஜெராக்ஸ் தாள் சுற்றி வரும். இருபது பெயர், இருபது வரையறை, கீழே ஆளுக்கொரு உதாரணம். பிள்ளைகள் அதை ஒப்பிக்கிறார்கள். அந்த இருபதில் இல்லாத ஓர் அடியைக் காட்டினால் பேனா நின்றுவிடுகிறது.

மும்பையில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இது நேர வேண்டியதே இல்லை. வீட்டிலோ தமிழ் வகுப்பிலோ உவமை, உருவகம், மோனை, எதுகை காதில் விழுந்திருக்கும். பள்ளியில் மராத்தி உண்டு. 2020-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு எந்த வாரியப் பள்ளியும் அதைத் தவிர்க்க முடியாது. அந்த மராத்தி இலக்கணத்தில் உபமா, ரூபக், உத்பிரேக்ஷா, அனுப்பிராஸ், ஸ்லேஷ் என்று ஒரு வரிசை இருக்கிறது. தமிழ்த் தண்டியலங்காரத்துக்கு மூலம் காஞ்சியில் வாழ்ந்த தண்டியின் வடமொழி நூல். மராத்தி அலங்காரமும் அதே வடமொழி மரபிலிருந்து வந்ததுதான். ஆக, ஒரே குடும்பத்து இரண்டு பிள்ளைகளோடு பழகியவர்தான் ஆங்கிலக் கவிதையிடம் போகிறார். அதன் அணிப் பெயர்கள் மட்டும் கிரேக்க, லத்தீன் பேச்சுக்கலையிலிருந்து வந்தவை.

தெரிந்ததைக் கொண்டு தெரியாததைப் பிடியுங்கள் என்பதே என் முறை. இதில் ஓர் ஆபத்து உண்டு. தமிழ் அணியும் ஆங்கில அணியும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் ஓரங்களில் விலகும். மதிப்பெண் போவது அந்த ஓரங்களில்தான். ஆகையால் ஒற்றுமையை வேகமாகத் தாண்டிவிட்டு, விலகும் இடங்களில் நிதானிக்கிறேன்.

முதலில் ஒலி

அலிட்டரேஷன் என்றதும் பக்கத்தில் மோனை என்று எழுதிக்கொள்கிறோம். தவறில்லை. இரண்டும் சொல்லின் முதலில் நிகழ்பவை. ஆனால் தமிழ் யாப்பு இன எழுத்துக்கு இடம் கொடுக்கும். சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் மோனையாக வரலாம். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. 'மூன்', 'வாட்டர்' இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் அலிட்டரேஷன் ஆகாது.

இதைவிடப் பெரிய சிக்கலை ஒரு மாணவியின் பாடப்புத்தகத்தில் கண்டேன். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் தலையிலும் பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்திருந்தாள். 'கிங்', 'கார்டன்' இரண்டையும் வட்டமிட்டு, ஓரத்தில் அலிட்டரேஷன் என்று குறித்திருந்தாள். வாசிக்கச் சொன்னால் இரண்டையும் சரியாகவே வேறுபடுத்தி வாசித்தாள். காது சரியாக இருந்தது. பென்சிலில் எழுதிய ககரம் கண்ணை மறைத்துவிட்டது. தங்கத்துக்கான ஆங்கிலச் சொல்லையும் குளிருக்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கோல்டு'தான். வெள்ளாடும் மேலங்கியும் 'கோட்'தான். பகரம், டகரம், சகரம் எல்லாவற்றிலும் இதே கதை.

இதற்கு மும்பைப் பிள்ளையின் கையிலேயே மருந்து இருக்கிறது. சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லின் முதல் ஒலியைத் தேவநாகரியில் எழுதிப் பாருங்கள். மராத்தியில் வண்டியும் தீக்குச்சியும் தமிழ் எழுத்தில் ஒரே 'காடி'. தேவநாகரியில் முதல் எழுத்தே வேறு. எந்தத் தாராவிப் பிள்ளையும் இதில் குழம்புவதில்லை. தேவநாகரியில் ஒரே எழுத்து வந்தால் பெரும்பாலும் அலிட்டரேஷன் என்று துணிந்து எழுதலாம். பெரும்பாலும் என்றேன், ஏனென்றால் தேவநாகரியும் சில இடங்களில் கைவிடும். காற்றுக்கான 'விண்ட்', வண்டிக்கான 'வேன்' இரண்டுக்கும் அங்கே ஒரே வகரம்தான். ஆங்கிலத்தில் ஒன்று உதட்டைக் குவித்துச் சொல்வது, மற்றது பல்லால் உதட்டைத் தொட்டுச் சொல்வது. 'ஜூ', 'ஜூஸ்' இரண்டின் முதல் ஒலியும் அப்படியே. அங்கே காதைத்தான் நம்ப வேண்டும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் நம்பக் கூடாது. நகரத்துக்கான 'சிட்டி'யும் பூனைக்கான 'கேட்'டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் ஒலி வேறு. மாவீரனைக் குறிக்கும் 'நைட்' வேறோர் எழுத்தில் தொடங்கினாலும், அந்த எழுத்து ஒலிப்பதில்லை. 'நேம்', 'நோபிள்' ஆகியவற்றோடு சேர்ந்து அலிட்டரேஷன் ஆகும். வாய்விட்டுப் படிக்காமல் அலிட்டரேஷனைத் தேடாதீர்கள். தேர்வறையில் உதடு அசைத்தால் போதும்.

எதுகைக்கு ஆங்கிலத்தில் ஜோடி இல்லை. தமிழில் அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தைப் பார்த்துப் பழகியவர்கள், ரைம் ஸ்கீம் எழுதச் சொன்னாலும் அடியின் தொடக்கத்தையே பார்க்கிறார்கள். ரைம் என்பது நம் இயைபு. அடியின் கடைசிச் சொல்லுக்குப் போங்கள். மராத்தியில் யமக் என்று படித்தது இதைத்தான். முதல் அடியின் கடைசி ஒலிக்கு ஏ; அடுத்த அடி வேறு ஒலியில் முடிந்தால் பி; பழைய ஒலி திரும்பினால் பழைய எழுத்தே திரும்பும். இங்கேயும் ஒலிதான் கணக்கு. 'கம்', 'ஹோம்' எழுத்தில் ஒன்றுபோல் முடிந்தாலும் ஒலியில் சேராது.

ஓனோமட்டோப்பியாவை இரட்டைக்கிளவி என்று மட்டும் நினைத்துவிட்டால், சொல் இரண்டு முறை வந்தால்தான் எழுதுவீர்கள். பாம்பின் 'ஹிஸ்', மணியின் 'கிளாங்' ஒற்றையாக நின்றாலே போதும்.

'லைக்' வந்தால் சிமிலி ஆகிவிடாது

உவமை உருபுகள் என்று நன்னூல் ஒரு டஜன் சொல்லும். ஆங்கிலத்தில் தேர்வுக்கு வருபவை பெரும்பாலும் 'லைக்', 'ஆஸ்' இரண்டே. அதனால்தான் பிள்ளைகள் அந்த இரண்டு சொற்களை வலைபோட்டுத் தேடுகிறார்கள். சிக்குவதெல்லாம் சிமிலி என்று எழுதிவிடுகிறார்கள். 'லைக்' விரும்புவதையும் குறிக்கும். 'ஆஸ்' ஒரு செயல் நடந்துகொண்டிருக்கும்போது என்ற பொருளிலும், ஏனென்றால் என்ற பொருளிலும் வரும். தாதர் ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது மழை தொடங்கியது என்பதை 'ஆஸ்' போட்டு எழுதலாம். அதில் ஒப்பீடே இல்லை.

சோதிக்க ஒரு கேள்வி போதும்: எதை எதோடு ஒப்பிடுகிறார்? இரண்டு பொருளும் வேறுவேறு இனமாக இருக்க வேண்டும். தம்பி அப்பாவைப் போல இருக்கிறான் என்பது தகவல். தம்பி எலக்ட்ரிக் கம்பத்தைப் போல நிற்கிறான் என்றால் சிமிலி. தொல்காப்பியம் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கு வகை சொல்கிறது. செயலால் ஒப்புமையா, பயனாலா, வடிவத்தாலா, நிறத்தாலா? விளக்கம் எழுதும்போது இந்த நான்கில் ஒன்றைத் தொட்டுவிட்டால் உங்கள் விடை மற்றவர்களுடையதைவிட ஒரு படி மேலே நிற்கும். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். எந்த ஜெராக்ஸ் தாளிலும் இது இல்லை.

மும்பையில் பிறந்து வளர்ந்து, இந்த நகரின் கல்லூரிகளில் கற்பித்த நிஸ்ஸிம் எசகீலின் 'நைட் ஆஃப் தி ஸ்கார்ப்பியன்' கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். தாயைத் தேள் கொட்டிய இரவில் வீட்டுக்குக் கூடி வரும் கிராமத்தாரைக் கவிஞர் ஈக்களோடு ஒப்பிடுகிறார். சிமிலி என்று எழுதி நிறுத்தினால் பாதி விடைதான். ஒப்புமை செயலில் இருக்கிறது: அழைக்காமல் வருவது, கூட்டமாய் வருவது, ஓயாமல் இரைவது. உதவ வந்தவர்கள்மேல் அந்த வீட்டுப் பிள்ளைக்கு இருந்த எரிச்சலும் அந்த ஒற்றைச் சொல்லில் வந்துவிடுகிறது. இதை எழுதினால்தான் கவிதையைப் படித்தவரின் விடை.

இனி, தமிழும் ஆங்கிலமும் நேரடியாக முட்டிக்கொள்ளும் இடம். 'முகமலர்' உருவகம், 'மலர்முகம்' உவமைத்தொகை என்று தமிழ் வகுப்பில் படித்தோம். உவமைத்தொகையில் 'போன்ற' மறைந்திருக்கிறது என்போம். ஆங்கிலத் தேர்வு மறைந்ததை ஏற்காது. வெளியே 'லைக்', 'ஆஸ்' தெரியவில்லையா, மெட்டஃபர் என்றே எழுதுங்கள்.

மராத்தியிலும் இதற்கு இணையான ஒரு முட்டல் உண்டு. அங்கே 'ஜணு' வந்தால் உத்பிரேக்ஷா, 'சாரகா' வந்தால் உபமா. ஆங்கிலத்தில் 'ஆஸ் இஃப்' என்று வருவது நம் 'ஜணு'வுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் பள்ளி ஆங்கிலத்தில் அதற்குத் தனிப் பெயர் இல்லை; அதுவும் சிமிலிதான்.

கொடி அசைந்தது காற்றிலா?

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது, கோட்டையின் கொடிகள் வரவேண்டாம் என்று கை காட்டி மறிப்பதுபோல அசைகின்றன. தற்குறிப்பேற்றத்துக்கு எல்லாத் தமிழாசிரியரும் சொல்லும் உதாரணம் இது. இயல்பாக நடக்கும் செயலுக்குக் கவிஞர் தன் காரணத்தை ஏற்றுகிறார். இதைப் படித்தவர்கள் ஆங்கிலத்தில் பர்சானிஃபிகேஷன் என்ற சொல்லைப் பார்த்ததும் தற்குறிப்பேற்றம் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். அங்கேதான் குழப்பம்.

பர்சானிஃபிகேஷனுக்குக் காரணம் தேவையில்லை. அஃறிணைப் பொருள் மனிதரைப் போல நடந்தால் போதும். மித்தி நதி ஆகஸ்டில் கோபித்துக்கொண்டது என்றால் பர்சானிஃபிகேஷன். கொடிகள் மறிப்பதுபோல அசைந்தன என்பதில் 'போல' இருப்பதால் ஆங்கில ஆசிரியர் சிமிலி என்றும் சொல்லலாம், கொடிக்கு மனித எண்ணம் தந்ததால் பர்சானிஃபிகேஷன் என்றும் சொல்லலாம். இரண்டையும் எழுதி, எது எங்கே என்று காட்டினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சிலப்பதிகாரத்தை 1993-ல் ஆங்கிலத்தில் தந்த ஆர். பார்த்தசாரதி பம்பாயில் படித்தவர், இங்கேயே கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். நம் நகரத்துத் தமிழர் ஒருவர் இந்தக் கொடிகளை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோனார் என்பது எனக்குப் பெரிய நிறைவு. நூலகத்தில் கிடைத்தால் தமிழ் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பர்சானிஃபிகேஷனுக்கு நேர் இணை வேண்டுமானால் மராத்திக்குப் போங்கள். 'சேதனாகுணோக்தி' அச்சு அசலாக அதேதான்.

பர்சானிஃபிகேஷனோடு ஒட்டிப் பிறந்ததுபோல வரும் இன்னொன்று அப்பாஸ்ட்ரஃபி. நிலாவை, மரணத்தை, செத்துப்போன மன்னனை, எதிரே இல்லாத காதலியை 'நீ' என்று கூப்பிடுவது. பழைய கிரேக்க வழக்குமன்றத்தில் பேச்சாளர் நீதிபதியை விட்டுத் திரும்பி வேறொருவரை விளிப்பதிலிருந்து வந்தது. நம் தூது இலக்கியம் முழுவதும் இதன்மேல் எழுந்து நிற்கிறது. கிளியையும் மேகத்தையும் கூப்பிட்டுப் பேசாமல் தூது ஏது? நிலா சிரித்தது என்றால் பர்சானிஃபிகேஷன். நிலாவே, சிரிக்காதே என்றால் அப்பாஸ்ட்ரஃபி, கூடவே பர்சானிஃபிகேஷனும். விளி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரியலில் இருக்கும் இரண்டு அணிகள்

மெட்டனமி, சினெக்டகி என்ற இரண்டு பெயர்களைக் கண்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் ஒதுங்குகிறார்கள். அணி அதிகாரத்தில் தேடுகிறார்கள்; கிடைப்பதில்லை. அவை ஆகுபெயர்கள், பெயரியலில் இருக்கின்றன.

வெற்றிலை நட்டான் என்கிறோம். நட்டது கொடியை, சொன்னது இலையை. சினையாகுபெயர். உறுப்பைச் சொல்லி முழுமையை உணர்த்தினாலும், முழுமையைச் சொல்லி உறுப்பை உணர்த்தினாலும் ஆங்கிலத்தில் சினெக்டகி. தோல் பட்டறையில் இன்னும் நாலு கை வேண்டும் என்று தாராவியில் சொல்கிறார்களே, அந்தக் கை சினெக்டகி. கை மட்டும் வேலைக்கு வருவதில்லை.

இடம், காலம், கருவி போன்ற தொடர்பால் பெயர் மாறினால் மெட்டனமி. மும்பையின் ஆங்கிலப் பத்திரிகையை ஒரு வாரம் படியுங்கள். தலால் ஸ்ட்ரீட் சரிந்தது என்பார்கள். தெரு அங்கேயே இருக்கிறது, விழுந்தது பங்கு விலை. மந்த்ராலயா மௌனம் காக்கிறது என்பார்கள். மௌனம் காப்பது மாநில அரசு. இடவாகுபெயர் இரண்டும். கத்தரித்து நோட்டில் ஒட்டிவையுங்கள். பாடப்புத்தகம் தரும் கிரீடம், செங்கோல் உதாரணங்களைவிட இவை மனத்தில் தங்கும்.

வேகமாகச் சில

ஆன்டிதெசிஸ் எதிரெதிர்க் கருத்துகளை ஒரே வாக்கியத்தில் சமமாக நிறுத்துவது. ஆக்சிமோரான் எதிரெதிர்ச் சொற்கள் இரண்டை ஒட்டவைப்பது. பாரடாக்ஸ் கேட்டால் முரண், யோசித்தால் உண்மை. தமிழில் மூன்றையும் முரண் என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம், ஆங்கிலத்தில் அளவைப் பார்க்க வேண்டும். பன் நம் சிலேடை; காளமேகத்தை ரசித்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்டராகேஷன் விடை எதிர்பாராத கேள்வி.

இன்வர்ஷன் நமக்குக் கண்ணில் படாது. 'வந்தது மழை' என்று தமிழில் சாதாரணமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் வினை முன்னே வருவது செய்யுளுக்காக வளைத்தது. அடியைச் சாதாரண உரைநடையாகத் திருப்பி எழுதிப் பாருங்கள். சொற்கள் இடம் மாறினால் இன்வர்ஷன். கேள்வி வாக்கியத்துக்கு இது பொருந்தாது.

ஐரனிக்கு வஞ்சப்புகழ்ச்சி என்று மட்டும் எழுதுவது போதாது. வள்ளுவர் கயமை அதிகாரத்தில் கயவரைத் தேவரோடு நிறுத்துவது அந்த வகை. ஆங்கில ஐரனி இன்னும் அகலமானது. ஜானதன் ஸ்விஃப்ட் 1729-ல் எழுதிய 'எ மாடஸ்ட் புரப்போசல்' கட்டுரை முழுவதும், ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று நிதானமாக யோசனை சொல்லிப் போகிறது. சொல்லப்படாத கோபம்தான் அதன் பொருள். நினைத்ததற்கு நேர்மாறாக நிகழ்ச்சி முடிவதும் ஐரனியே.

ஹைப்பர்போலி உயர்வுநவிற்சி. தாராவிப் பிள்ளை ஒருவர் கேட்ட கேள்வியை இங்கே வைக்கிறேன்: எங்கள் ஊரை 'ஆசியாவின் மிகப்பெரிய சேரி' என்று எழுதுகிறார்களே, அது ஹைப்பர்போலியா? இல்லை. மிகைப்படுத்துகிறோம் என்பது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்திருந்தால்தான் ஹைப்பர்போலி. காலை எட்டேகால் லோக்கலில் கோடிப் பேர் என்றால் எல்லாருக்கும் புரியும். அளந்து பார்க்காமல் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்து எழுதும் அடைமொழிக்கு அணி என்ற மரியாதை வேண்டாம்.

யூஃபமிசமும் எங்கள் பகுதியில் பாடப்புத்தகத்துக்கு முன்பே அறிமுகம். வீட்டை இடிப்பதை 'ரீடெவலப்மென்ட்' என்றும், குடும்பத்தை வேறிடத்துக்கு அனுப்புவதை 'ரீலொகேஷன்' என்றும் சொல்கிறார்கள். தமிழில் இதை இடக்கரடக்கல், மங்கலம் என்போம். அவை கேட்பவரின் கூச்சத்தையும் மனத்தையும் காக்கப் பிறந்தவை. யூஃபமிசம் சொல்பவரைக் காக்கவும் பயன்படும். ஒரு கவிதையில் யூஃபமிசம் கண்டால், யாரைக் காக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

டிரான்ஸ்ஃபர்டு எபிதெட்டுக்குத் தமிழ் வகுப்பில் பெயர் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆளுக்குரிய அடைமொழி பக்கத்திலிருக்கும் பொருளுக்கு இடம் மாறுவது. தூக்கமற்ற இரவு என்றால், தூங்காதது இரவல்ல, அதைக் கழித்தவர். 'தூங்கா நகரம்' எது? நகரத்தையே ஆளாக நினைத்தால் பர்சானிஃபிகேஷன், அங்கே வாழ்பவரின் விழிப்பை நகரத்துக்கு மாற்றியதாக நினைத்தால் டிரான்ஸ்ஃபர்டு எபிதெட். இத்தகைய இடங்களில் பெயரைவிடக் காரணம் முக்கியம்.

விடையின் உருவம்

மூன்று வாக்கியம். முதலாவதில் அணியின் பெயர். இரண்டாவதில் அடியிலுள்ள எந்தச் சொல், எதைக் குறிக்கிறது. மூன்றாவதில் அதனால் கவிதைக்கு என்ன கிடைத்தது. வரையறையை எழுதி இடத்தை நிரப்ப வேண்டாம். வரையறை கவிதையைப் படிக்காதவருக்கும் தெரியும். ஓர் அடியில் இரண்டு அணி இருந்தால், ஒன்றுதான் கேட்டிருந்தால், உங்களால் நன்றாக விளக்க முடிந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

பயிற்சி

கீழே உள்ள பத்தியை ஒரு முறை வாய்விட்டுப் படித்து, அணிகளை ஆங்கிலப் பெயரால் குறியுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். கும்பார்வாடாவின் சூளைகள் மூச்சு வாங்கின. கூரைகள்மேல் புகைப்போர்வை விழுந்தது. சுடாத அகல்கள் பாலர் பள்ளிக் குழந்தைகளைப் போல வரிசையில் உட்கார்ந்திருந்தன. "மழையே, இன்னும் இரண்டு நாள் பொறு" என்றார் குயவர். தொண்ணூறு அடிச் சாலை முழுவதும் இருமியது. களைத்த சக்கரம் மட்டும் நிற்கவில்லை.

மூச்சு வாங்கும் சூளை பர்சானிஃபிகேஷன். புகைப்போர்வை மெட்டஃபர், 'லைக்' போட்டு ஆங்கிலத்தில் எழுதினால் சிமிலியாகிவிடும், இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள். அகல்கள் வரியில் சிமிலி வெளிப்படை; ஒப்புமை வடிவத்திலும் வரிசையிலும் இருக்கிறது, உட்கார்ந்திருப்பதில் பர்சானிஃபிகேஷனும் உண்டு. மழையைக் கூப்பிடுவது அப்பாஸ்ட்ரஃபி. சாலை இருமியதைப் பலரும் பர்சானிஃபிகேஷன் என்று எழுதுவார்கள். நான் மெட்டனமிக்கே முதலிடம் தருவேன்: இருமுவது அந்தச் சாலையில் வாழும் மக்கள், பெயர் இடத்துடையது. கடைசி வரிக்கு முழு விடை இப்படி இருக்கலாம்: இது டிரான்ஸ்ஃபர்டு எபிதெட். 'களைத்த' என்ற அடைமொழி சக்கரத்தின் முன் நிற்கிறது. களைத்தவர் அதைச் சுற்றும் குயவர். களைப்பைச் சக்கரத்துக்கு மாற்றியதால், அது நிற்கவில்லை என்னும்போது அவரும் ஓயவில்லை என்பது தனியாகச் சொல்லாமலே தெரிகிறது.